உலோகத்தை வெட்டுமுன்: விமான வடிவமைப்பில் மெய்நிகர்த் தொழினுட்பம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விமானத் தளம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ராஜாளிய’. சிங்களத்தில் அது கழுகைக் குறிக்கும். நம்முடைய ராஜாளியோடு உறவுள்ள சொல். காட்டை வெட்டி அமைத்த அந்தத் தளத்தில் விமானங்களை இழுக்க யானைகளையும் பயன்படுத்தினார்கள். யானை விமானத்தை இழுக்கும் அந்தக் காலப் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. படத்தைப் பார்க்கும் எவருக்கும் யானைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது யானையல்ல, 1944 இல் அந்தத் தளத்தில் நின்ற ஒரு விமானம். அதன் பெயர் கோர்சேர்.

கோர்சேர் அமெரிக்காவின் வோட் நிறுவனம் செய்த போர் விமானம். 1940 மே 29 இல் அதன் முதல் மாதிரி பறந்தது. 2,000 குதிரைவலு எஞ்சின். அந்த எஞ்சினின் வலுவைத் தாங்கக்கூடிய புரொப்பெல்லரின் விட்டம் 13 அடிக்கு மேல். அது தரையில் இடிக்காதிருக்க இறக்கையைக் கடற்காகத்தின் இறக்கைபோல வளைத்தார்கள். இதுவரை எல்லாம் சரிதான். பிறகு இறக்கைக்குள் கூடுதலான துப்பாக்கி வேண்டும் என்று கேட்டது அமெரிக்கக் கடற்படை. துப்பாக்கி வந்ததும் இறக்கையில் எரிபொருளுக்கு இருந்த இடம் போயிற்று. எரிபொருளை உடலுக்குள் கொண்டுவந்தார்கள். எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் ஏறக்குறைய 900 லீற்றர் கொள்ளும் தாங்கி. தாங்கி வந்ததும் விமானியின் இருக்கை ஏறக்குறைய மூன்று அடி பின்னுக்குப் போயிற்று. இருக்கை பின்னுக்குப் போனதும் விமானியின் கண்ணுக்கு முன்னால் நீண்ட மூக்கு மட்டும்தான் தெரிந்தது. இறங்கவேண்டிய கப்பல் தளம் மறைந்துபோனது.

கப்பலில் இறங்குவதற்கென்றே செய்த விமானத்தில், இறங்கும் நேரத்தில் கப்பலைக் காண முடியவில்லை! விபத்துகள் நடந்தன, இளம் விமானிகள் உயிரிழந்தார்கள். அமெரிக்கக் கடற்படை அதை முதலில் தரைத் தளங்களிலிருந்து பறக்கும் மரைன் படைக்குத் தள்ளிவிட்டது. பிரித்தானியக் கடற்படை வளைந்து வந்து இறங்கும் முறையைக் கையாண்டது. கடைசி நொடிவரை கப்பல் தளம் பக்கவாட்டில் தெரிந்துகொண்டிருக்கும். விமானி அறையின் கண்ணாடிக் கூரையை மேலே புடைக்க வைத்தார்கள், இருக்கையையும் உயர்த்தினார்கள். அதோடும் தொல்லை தீரவில்லை. இறக்கையை மடித்து நிறுத்தினால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் கீழ்த்தட்டுக் கூரையில் இடித்தது. ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலத்தை வெட்டி எடுத்தார்கள். புத்தளத்துக்கு வந்தவை அப்படி நுனி வெட்டிய கோர்சேர்கள்தாம்.

இந்தக் கதையில் முட்டாள் என்று எவருமில்லை. துப்பாக்கி கேட்டவர் சொன்னது நியாயம். தாங்கியை வைத்தவர் செய்தது நியாயம். இருக்கையை நகர்த்தியவருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் அந்த இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, அலையில் ஆடும் கப்பலை நோக்கி இறங்கும்போது என்ன தெரியும் என்பதை எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பார்க்க அந்தக் காலத்தில் வழியில்லை. விமானத்தைச் செய்து, பறந்து, இறங்கித்தான் அதை அறியவேண்டியிருந்தது. உலோகத்தை வெட்டுமுன், எல்லாரும் ஒன்றாக உள்ளே புகுந்து பார்ப்பதற்கான வழியைத்தான் இன்று மெய்நிகர்த் தொழினுட்பம் என்கிறார்கள்.

ஓடாவியும் பொறியியலாளரும்

நம் கரையோரத்தில் மரத்தோணி கட்டிய ஓடாவிகளைப் பெரியவர்கள் அறிவார்கள். ஏரா வைப்பதிலிருந்து வங்கு பொருத்தி, பலகை அறைந்து, கடைசியில் பூச்சுப் பூசும்வரை தோணியின் முழு உருவமும் ஓடாவியின் தலைக்குள்ளேயே இருக்கும். தாளில் வரைபடம் கிடையாது. தோணி கேட்டவர் பின்னேரத்தில் வந்து நின்று பார்ப்பார். “காக்கா, அணியம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருக்கு. சோளகத்துல தண்ணி உள்ள ஏறும்” என்பார். ஓடாவி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “சரி, ஒரு விரல் தூக்கி வைப்பம்” என்பார். அவ்வளவுதான். செய்கிறவரும் பாவிக்கிறவரும் ஒரே பொருளின் முன்னால் நின்று பேசினார்கள். அதைத்தான் இன்றைக்குப் பெரிய வார்த்தையில் ‘கூட்டு வடிவமைப்பு’ என்கிறோம்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இராமேசுவரத்தில், தகப்பனார் உறவினர் ஒருவரோடு சேர்ந்து மரப்படகு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுவன் பின்னாளில் விமானப் பொறியியல் படித்தான். அவர்தான் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். 1950களில் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, அவரும் நான்கு தோழர்களும் சேர்ந்து ஒரு தாழப் பறக்கும் தாக்குதல் விமானத்தை வடிவமைக்கவேண்டியிருந்தது. காற்றியக்க வடிவம் கலாமின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். வேலை தாமதமானது, பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார், கலாம் இரவெல்லாம் வரைபலகையை விட்டு எழவில்லை. இந்த நிகழ்ச்சியை விடாமுயற்சிக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்வார்கள். பொறியியல் கண்ணால் பார்த்தால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவருடைய வரைபடம் முடியாவிட்டால் மற்ற நால்வரின் வேலையும் அந்தரத்தில் நிற்கும். கட்டமைப்புக்காரருக்கு இறக்கையின் தடிப்புத் தெரியவேண்டும். தடிப்பு காற்றியக்கக்காரரின் தாளில் இருக்கிறது.

ஐந்து பேருக்கே இந்தப் பாடு. போயிங் 777 இல் ஆணிகளையும் சேர்த்து ஏறக்குறைய 30 இலட்சம் பாகங்கள். அவற்றைத் தருபவை ஏறக்குறைய 500 நிறுவனங்கள். இத்தனை பேரின் தலைக்குள்ளும் ஒரே விமானம் இருக்கவேண்டும் என்றால் எப்படி?

தாளிலிருந்து திரைக்கு

முன்னைய காலத்தில் பெரிய விமானங்களுக்கு ஆயிரமாயிரம் வரைபடத் தாள்கள் இருந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, மரத்தாலும் உலோகத்தாலும் முழு அளவில் ஒரு போலி விமானத்தைச் செய்வார்கள். குழாய் போகிற வழியில் வயர் நிற்கிறதா, கதவு திறந்தால் எதிலாவது இடிக்கிறதா என்பதெல்லாம் அந்தப் போலியில்தான் தெரியவரும். அதைச் செய்யவே பெரும் பணமும் மாதக்கணக்கான காலமும் போகும்.

1990 அக்டோபரில் தொடங்கிய போயிங் 777 திட்டம் இந்த வழக்கத்தை மாற்றியது. பிரான்சின் டசோல்ட் நிறுவனத்தின் கட்டியா என்ற மென்பொருளில் முழு விமானத்தையும் முப்பரிமாணத்தில் கட்டினார்கள். ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் இடத்துக்குள் நுழைந்தால் கணினியே காட்டிக்கொடுக்கும். வரைபவர், உற்பத்தி செய்பவர், பராமரிப்பவர் எல்லாரையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட குழுக்களை அமைத்தார்கள். விமானத்தை வாங்கப்போகும் எட்டு விமானக் கம்பனிகளையும் ஆரம்பத்திலேயே கூட்டி உட்காரவைத்தார்கள். அந்தப் பேச்சில் வெளிவந்த ஒன்று: இறக்கையில் எரிபொருள் நிரப்பும் இடம், கம்பனிகளிடம் இருந்த லொறிகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கணினிக்கு இது ஒரு பிழையே அல்ல, எதுவும் எதிலும் இடிக்கவில்லை. விமான நிலையத்தில் வேலை நடக்கும் விதம் தெரிந்தவருக்குத்தான் அது பிழை என்று தெரிந்தது. இடத்தை மாற்றினார்கள். 1994 ஜூன் 12 இல் விமானம் பறந்தது.

இதற்கு மறுபக்கம் எயார்பஸ் ஏ380. உடலின் பகுதிகள் ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலிருந்தும், இறக்கைகள் பிரித்தானியாவிலிருந்தும், வால்பகுதி ஸ்பெயினிலிருந்தும் வந்து பிரான்சின் துலூஸ் நகரில் சேரவேண்டும். ஒரு விமானத்துக்குள் ஓடும் வயரின் நீளம் ஏறக்குறைய 530 கிலோமீற்றர். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு இரண்டு தடவை போய்வரும் தூரம் அது. துலூஸில் கட்டியாவின் ஐந்தாம் பதிப்பு. ஹம்பேர்க்கில் நான்காம் பதிப்பு. இரண்டுக்கும் நடுவில் தகவல் முழுமையாகப் போகவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து வந்த வயர்க்கட்டுகளைப் பொருத்தப் போனால் நீளம் போதவில்லை, வளைவுகளில் எட்டவில்லை. ஜேர்மன் தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து கையால் பிரித்து மறுபடியும் இழுத்தார்கள். திட்டம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தியது. முதலாவது விமானம் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் 2007 அக்டோபர் 15 இல்தான் கைமாறியது. நட்டம் பல நூறு கோடி யூரோ. தலைமைப் பதவியில் இருந்தவர்கள் விலகவேண்டி வந்தது.

இரண்டு இடத்திலும் கணினி இருந்தது, முப்பரிமாணம் இருந்தது. இல்லாமற்போனது ‘ஒரே’ மாதிரி. இந்த அடியின் பிறகு, ஏ350 விமானத்துக்கு எல்லா நாட்டுக் குழுக்களும் பங்காளிகளும் ஒரே மாதிரியில் வேலை செய்யவேண்டும் என்று எயார்பஸ் கட்டாயமாக்கியது.

கண்ணை நம்பவைக்கும் கலை

இனி அந்த ஒரே மாதிரிக்குள் மனிதர் எப்படிப் புகுகிறார் என்று பார்ப்போம்.

திரையில் ஒரு விமானி அறையைப் பார்ப்பதற்கும் அதற்குள் உட்காருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. திரையில் எதையும் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், சுழற்றலாம். அதனாலேயே உண்மையான அளவு மனதில் பதியாது. “இந்த இடைவெளிக்குள் கை போகுமா?” என்ற கேள்விக்குத் திரை பதில் தராது.

இரண்டு கண்ணாலும் ஒரே பொருளை நாம் எப்படிக் காண்கிறோம் என்று விரிவாக ஆராய்ந்தவர்களில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் முக்கியமானவர். ஏறக்குறைய 1011 க்கும் 1021 க்கும் இடையில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதையும் இரு கண்ணின் காட்சியும் ஒன்றாவதையும் சோதனைகளோடு விளக்கினார். எட்டு நூற்றாண்டுக்குப் பிறகு, 1838 இல், இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீட்ஸ்டன் ஒரு கருவி செய்தார். சற்றே வேறுபட்ட இரண்டு படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினால் மனம் ஆழத்தைக் காணும் என்று அது நிரூபித்தது. இன்றைய மெய்நிகர்க் கண்ணாடியின் அடிப்படை இதுதான்.

1968 இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட் கணினி வரையும் படத்தைத் தலையில் மாட்டும் கருவியில் காட்டினார். கருவி பாரமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். தலை திரும்பினால் படமும் அதற்கேற்பத் திரும்பியது, புதுமை அதில்தான். 1980களில் தோமஸ் ஃபர்னெஸ் அமெரிக்க விமானப்படைக்காக, விமானியின் தலைக்கவசத்துக்குள்ளேயே முழு விமானி அறையையும் காட்ட முயன்றார். 1992 இல் சிக்காகோவில் இலினோய் பல்கலைக்கழகத்தார் ‘கேவ்’, அதாவது குகை, என்ற அறையைக் காட்சிக்கு வைத்தார்கள். சுவர்களிலும் தரையிலும் படம் விழும். பலர் ஒன்றாக உள்ளே நிற்கலாம். விமான, கார் நிறுவனங்கள் இத்தகைய குகைகளைப் பெரும் செலவில் அமைத்தன. 2016 இல் ஒக்குலஸ் ரிஃப்ட், எச்.ரி.சி. வைவ் ஆகிய கண்ணாடிகள் சந்தைக்கு வந்தபோது விலை வெகுவாக இறங்கியது. வெவ்வேறு ஊரில் இருப்பவர்களும் ஒரே குகைக்குள் வரலாம் என்ற நிலையும் வந்தது.

ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது?

நடைமுறை இப்படி. விமானத்தின் மாதிரி ஒரு மத்திய கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவரைத் தவிர வேறு எவரும் அதை மாற்ற முடியாது, எல்லாரும் பார்க்கலாம். கூட்ட நாளுக்கு முன் அந்த மாதிரியை ‘இளைக்க’ வைக்கவேண்டும். ஏனெனில் தலை திரும்பும் வேகத்துக்குப் படமும் திரும்ப, நொடிக்கு 90 தடவையளவு படத்தைப் புதிதாக வரையவேண்டும். இலட்சக்கணக்கான பாகங்களை அந்த வேகத்தில் வரையக் கணினியால் முடியாது. ஆகவே ஆணி, திருகாணி போன்றவற்றின் நுட்பத்தைக் குறைக்கிறார்கள். எதைக் குறைப்பது என்ற தீர்மானத்திலேயே ஆபத்து உண்டு. குறைத்த ஆணியில்தான் கை இடிக்கும் என்றால், கூட்டத்தில் அது தெரியாமற் போய்விடும்.

பிறகு ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் துலூஸில், ஒருவர் ஹம்பேர்க்கில், இன்னொருவர் பெங்களூரில் இருக்கலாம். கண்ணாடியை மாட்டியதும் மூவரும் ஒரே விமானத்தின் வயிற்றுக்குள் நிற்கிறார்கள். ஒருவருடைய தலையும் கைகளும் மற்றவர்களுக்கு உருவமாகத் தெரியும். “இந்தா, இந்த வடிகட்டியைக் கழற்றவேணும்” என்று ஒருவர் விரலால் தொட்டால், எல்லாரும் அதே வடிகட்டியைப் பார்ப்பார்கள். ரெலிபோனில் ‘இடப்பக்கம் மூன்றாவது குழாய்’ என்று சொல்லிக் குழம்பிய காலம் போய்விட்டது.

இந்தக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் முக்கியம். கண்ணுக்குத் தெரிகிறதா? கைக்கு எட்டுகிறதா? எட்டிய கையால் வேலை செய்ய இடமிருக்கிறதா? மூன்றையும் குட்டையான பெண் ஒருவரின் உடலளவுக்கும் உயரமான ஆண் ஒருவரின் உடலளவுக்கும் சோதிப்பார்கள். விமானி அறை என்றால் விமானியே வந்து உட்காருவார். பராமரிப்பு என்றால் கையில் எண்ணெய் படிந்த மெக்கானிக் வருவார். முப்பது வருடம் எஞ்சின் கழற்றிய மெக்கானிக்குக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தலையில் கண்ணாடியை மாட்டிவிட்டால், “இங்க ஸ்பானர் திரும்பாது” என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். முன்பெல்லாம் அந்தப் பேச்சு விமானம் செய்து முடிந்த பிறகுதான் வடிவமைப்பாளரின் காதுக்கு எட்டும். இப்போது வெட்டுமுன்பே எட்டுகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தொழினுட்பத்தின் பெரிய பயன் இதுதான். தோணியின் பக்கத்தில் நின்று பேசியவரின் இடத்தை அது திருப்பிக் கொடுக்கிறது.

பெல் ஹெலிகொப்டர் நிறுவனம் 2017 இல் ‘எஃப்.சி.எக்ஸ்-001’ என்ற எதிர்கால ஹெலிகொப்டரின் மாதிரியைக் காட்டியது. விமானிகளை மெய்நிகர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் சொன்னபடி மாற்றி மாற்றி, ஆறு மாதத்துக்குள் வடிவமைத்ததாக அது கூறியது. அது பறக்கும் விமானமல்ல, கருத்து மாதிரிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொழிற்சாலைத் தரையில்

மெய்நிகருக்கு ஒரு தம்பி உண்டு. சுற்றியுள்ள உலகத்தை மறைக்காமல், அதன்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டுவது. ஆங்கிலத்தில் அதற்கு இன்று வழங்கும் பெயரை 1990களின் ஆரம்பத்தில் போயிங்கில் வேலை செய்த தோமஸ் கோடெல், டேவிட் மிசெல் ஆகிய இருவரே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிரச்சினையும் வயர்தான். பெரிய பலகைகளில் வயர்களை ஒன்றொன்றாக அடுக்கிக் கட்டுவார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு பலகை. வெறும் பலகையின் மேல், “இந்த வயர் இந்த வழி” என்று கண்ணாடியிலேயே கோடு தெரிந்தால் எவ்வளவு நல்லது என்று அவர்கள் யோசித்தார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு போயிங் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, வயர்வேலையின் நேரம் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. எயார்பஸ், ஏ380 இன் உடலுக்குள் ஏறக்குறைய 80,000 பிடிதாங்கிகளைச் சரிபார்க்க மூன்று கிழமை எடுத்ததை, உண்மைப் படத்தின்மேல் மாதிரியைப் பொருத்திக் காட்டும் கையடக்கக் கணினியால் மூன்று நாளாகக் குறைத்ததாகக் கூறியது.

எங்கே நிறுத்தவேண்டும்?

புகழ்ந்துகொண்டே போனால் விளம்பரமாகிவிடும். குறைகளையும் பார்க்கவேண்டும்.

முதலாவது, தலைசுற்று. பெரிய படகின் கீழறையில் இருந்தால் குமட்டுவது ஏன்? உடல் ஆட்டத்தை உணர்கிறது, கண் அசையாத சுவரைப் பார்க்கிறது. மெய்நிகரில் இது தலைகீழ். கண் ஆட்டத்தைப் பார்க்கிறது, உடல் அசையாமல் கதிரையில் இருக்கிறது. இரண்டிலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் சண்டை. சிலரால் அரை மணித்தியாலம்கூடத் தாங்க முடியாது. ஆகவே கூட்டங்களைச் சுருக்கமாக வைக்கிறார்கள்.

இரண்டாவது, பாரம். மெய்நிகரில் 20 கிலோ பம்பைத் தூக்கினாலும் கையில் ஒன்றும் இல்லை. எட்டுகிறது என்று கண் சொல்லும். குனிந்து தூக்கினால் முதுகு என்ன சொல்லும் என்பது தெரியாது. இதனால், முக்கியமான இடங்களுக்கு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஒரு கைப்பிடியையாவது செய்து பக்கத்தில் வைக்கிறார்கள்.

மூன்றாவதும் பெரியதுமான குறை, கணினி தனக்குச் சொல்லாததை அறியாது என்பது. போயிங்கின் ரி-7 பயிற்சி விமானம் முழுக்க முழுக்கக் கணினி மாதிரியில் உருவாகி, கருத்திலிருந்து முதற் பறப்புவரை 36 மாதத்தில் வந்தது என்று கொண்டாடப்பட்டது. ஆனால் ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கை, சிறிய உடலுடைய விமானிகளுக்கும் பாதுகாப்பானதா என்ற கேள்வி உண்மையான இருக்கையை எறிந்து சோதித்தபோது எழுந்தது. திட்டம் வருடக்கணக்கில் பிந்தியது. போயிங் 787 இன் பாகங்களையும் உலகெங்கும் பரந்த நிறுவனங்கள் ஒரே மாதிரியில்தான் வடிவமைத்தன. 2007 ஜூலை 8 இல் விமானத்தைக் காட்சிக்கு வைத்தபோது உள்ளே பெரும்பாலும் வெறும் கூடு. பறந்ததோ 2009 டிசெம்பர் 15 இல். திரையில் எல்லாம் பொருந்தின. பாகங்களைச் செய்தவர்களின் வேலை முடிந்திருக்கவில்லை, அதை அவர்கள் நேரத்தோடு சொல்லவுமில்லை. மாதிரியைப் பகிரலாம், உண்மையைச் சொல்லும் பழக்கத்தை எந்த மென்பொருளாலும் நிறுவ முடியாது.

இவற்றோடு இரகசியமும் சேரும். போர் விமானத்தின் மாதிரியை எல்லா நாட்டாரும் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே ஒரே கூட்டத்தில் நிற்கும் இருவருக்கு வெவ்வேறு அளவில் காட்சி தெரியும். ஒருவருக்குத் தெரியாத பெட்டிக்குள் இருப்பதுதான் அவருடைய பாகத்தில் இடிக்கும் என்றால் என்ன செய்வது? இதற்கு நல்ல தீர்வு இன்னும் வரவில்லை.

நமக்கு இதில் என்ன?

“விமானம் செய்கிற நாடா நாங்கள்? எங்களுக்கு என்னத்துக்கு இது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இலங்கையில் விமானம் வடிவமைத்தவர் இல்லாமலில்லை. 2010 இல் மறைந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன தாமே சிறு விமானங்களை வடிவமைத்து, கட்டி, பறந்தவர். அது தனிமனிதரின் சாதனை. கூட்டு வடிவமைப்புக்கு நெருங்கிய உதாரணம் நம் ஆடைத் தொழிலில் இருக்கிறது. முன்பு ஓர் ஆடையின் மாதிரியைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, திருத்தம் கேட்டு, மறுபடியும் தைப்பார்கள். இன்று இலங்கையின் பெரிய ஆடை நிறுவனங்கள் அந்த ஆடையை முப்பரிமாணத்தில் கணினியிலேயே ‘தைத்து’, கடல் கடந்து இருக்கும் வாங்குநரோடு ஒரே படத்தைப் பார்த்துத் திருத்துகின்றன. ஏ350 க்கு நடந்ததும் இதுவும் ஒரே வழிமுறை.

பொருளிலும் நெருக்கம் உண்டு. கற்பிட்டியிலும் கரையோரம் எங்கும் இன்று ஓடுவது பைபர் போட். கண்ணாடி இழைத் துணியைப் பசையில் நனைத்து அச்சில் படிய வைப்பது அதன் முறை. போயிங் 787 இன் எடையில் 50 வீதமும், ஏ350 இன் எடையில் 53 வீதமும் இதே குடும்பத்துக் கலப்புப் பொருள்தான். அங்கே பெரும்பாலும் கரி இழை, இங்கே கண்ணாடி இழை. துணி எந்தத் திசையில் போகவேண்டும், பசை கூடினால் என்ன கெடும், காற்றுக் குமிழ் நின்றால் எங்கே வெடிக்கும் என்பதைப் படகு செய்கிறவரின் கை அறியும். அந்த அறிவுக்குப் பெயரும் எண்ணும் கொடுக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

2013 இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. நம் மாணவர் பலர் அதைப் படிக்கிறார்கள். கருவி இல்லை என்ற குறையும் முன்போல் பெரிதல்ல. விமானத்தின் வடிவத்தை அமைக்கும் ‘ஓப்பன் வி.எஸ்.பி.’ என்ற மென்பொருளை நாசா 2012 இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஃபிரீகேட், பிளெண்டர், ஃபிளைட்கியர் ஆகியவையும் இலவசம். கண்ணாடி இல்லாவிட்டாலும் சாதாரண கணினித் திரையில் தொடங்கலாம். கண்ணாடி கடைசியில் வரவேண்டியது.

புத்தளத்தில் ஒரு பாடசாலையும் கற்பிட்டியில் ஒரு பாடசாலையும் சேர்ந்து, களப்பின் கண்டல் காட்டைப் படம்பிடிக்கும் ஒரு சிறு ஆளில்லா விமானத்தை வடிவமைக்கட்டும். இறக்கை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். மாதிரி ஒன்றுதான் இருக்கவேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அலகு என்று முதல் நாளே எழுதிக் கையொப்பமிடவேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பொறுப்பாளர். கிழமைக்கு ஒருமுறை இரு பக்கமும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அந்தப் பேச்சில் ஒரு மீனவரும், பைபர் போட் செய்கிற ஒருவரும் இருக்கவேண்டும். சோளகக் காற்று எப்போது எழும், உப்பு எதை அரிக்கும் என்பதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும். மென்பொருளின் பெயர் அவர்களுக்குத் தெரியத் தேவையில்லை. படத்தைக் காட்டி, “இது சரி வருமா?” என்று கேட்டால் போதும். சரி வராது என்று சொன்னால், அதையும் பெயரோடும் திகதியோடும் எழுதிவைக்கவேண்டும்.